பூச்சாண்டிக்கு முன்பதிவு

கேள்வி: சுவிட்சர்லாந்துக் கிராமங்களில் கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி வருவார்? பனியில் வழுக்கிக்கொண்டா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பெரும்பாலும் நடராஜா சர்வீஸ்தான், சில ஊர்களில் துணைக்கு ஒரு கழுதை. ஜெர்மன் பேசும் பகுதிகளில் இவர் பெயர் சாமிக்லவுஸ். வருவது டிசம்பர் 6, புனித நிக்கோலஸ் திருநாளன்று. 24-ம் தேதி மாலைப் பரிசுகள் குழந்தை இயேசுவின் இலாகா. அதில் இவர் தலையிடுவதில்லை.

கூடவே ஷ்முட்ஸ்லி என்றொரு உதவியாளர். பழுப்பு அங்கி, கரி பூசிய முகம், கையில் விளக்குமாறு, தோளில் சாக்கு. பார்த்ததுமே வாண்டுகளுக்குப் பாதி உயிர் போய்விடும். மீதியை வாங்க, தாத்தா தடிமனான புத்தகத்தைத் திறப்பார். தங்கையைக் கிள்ளியது, கீரையை ஒளித்தது எல்லாம் அதில் இருக்கும். துப்புக் கொடுத்தது யார்? பெற்ற அம்மா அப்பாதான், முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்! நாம் பூச்சாண்டி பெயரைச் சொல்லி மிரட்டுவதோடு சரி. அங்கே முன்பதிவு செய்து வீட்டுக்கே வரவழைக்கிறார்கள்.

தப்பிக்க வழி உண்டு. ஒரு குட்டிப் பாட்டை ஒப்பித்தால் அதே சாக்கிலிருந்து நிலக்கடலை, ஆரஞ்சு, இஞ்சி ரொட்டி கொட்டும். அன்றைக்கு மனித உருவில் சுட்ட ‘கிரிட்டிபென்ஸ்’ பன்னும் உண்டு, கண்ணுக்கு உலர்திராட்சை.

மானம் போனவர்கள் ஒரு மாதம் பொறுத்தால் போதும். ஜனவரி 6-ல் மூன்று ராஜாக்கள் ரொட்டி. அதற்குள் ஒளிந்திருக்கும் பொம்மை ராஜா யார் துண்டில் வருகிறாரோ, அவருக்குக் காகிதக் கிரீடம், அன்று முழுக்க வீட்டில் அவர் ஆட்சி. கீரைக்கு அன்றே தடை!