செயல்முறை எண் 1 சமூகத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்: சர்வர் ஒன்றைக் கட்டி மேய்க்கும் அடியேன்.
பெறுநர்: உயர்திரு சிஸ்டம்டி அவர்கள், செயல்முறை எண் 1, டெபியன் லினக்ஸ்.
பொருள்: அப்பாச்சி எழுந்திருக்க மறுத்தது தொடர்பாக.
பார்வை: தங்கள் சிவப்பு எழுத்துச் செய்தி. விவரங்களுக்கு ஜர்னலைப் பார்க்கவும்.

ஐயா,

நேற்று மாலை புதிய கர்னலுக்காக சர்வரை ரீபூட் செய்தோம். ஜவுளிக்கடை முதலாளி தம் இருப்புக் கணக்குத் தளத்தைப் பார்க்க நேரிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். சுவர்த் திரையில் தங்கள் திருவாக்கு வந்தது. அப்பாச்சியின் பணி தோல்வி. காரணம், கட்டுப்பாட்டுச் செயல்முறை பிழையோடு வெளியேறியது. விவரங்களுக்கு ஸ்டேட்டஸையும் ஜர்னலையும் பார்க்கவும். தோற்றதற்குக் காரணம் தோற்றதுதான் என்று இவ்வளவு மரியாதையாக வேறு யாரால் சொல்ல முடியும்?

“தம்பி, சிவப்பா போட்டிருக்கே, நல்ல சேதிதானே?” என்றார் முதலாளி. விவரங்களுக்கு என் முகத்தைப் பார்க்கவும் என்று சொல்லியிருக்கலாம்.

ஆணைப்படி ஸ்டேட்டஸைப் பார்த்தோம். வரிகள் வேண்டிய இடத்தில் சரியாக அறுந்திருந்தன. சில வரிகள் சுருக்கப்பட்டுள்ளன, முழுதாக வேண்டுமானால் -எல் சேர்க்கவும் என்று அடியில் ஒரு குறிப்பு. விவரங்களைப் பார்க்க வந்தவனுக்கு விவரங்களின் விவரங்களைக் காட்டும் கருணைக்கு என்ன கைம்மாறு செய்வோம்!

ஜர்னலில் அப்பாச்சியின் வாக்குமூலம் முழுதாகக் கிடைத்தது. முதலில், சர்வரின் முழுப் பெயரை நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற ஏஹெச்00558. அது வெறும் எச்சரிக்கை. அதனால் எந்த அப்பாச்சியும் படுத்ததில்லை. ஆனாலும் எல்லோரும் அதைத்தான் முதலில் திருத்துவார்கள். கடைசிப் பிழை, லாக்குகளைத் திறக்க முடியவில்லை என்றது. உடனே லாக் கோப்புறையின் அனுமதிகளைச் சரிபார்த்தோம், வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்தோம். லாக்குக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாச்சி லாக்குகளைத் திறக்கும் கட்டத்திலேயேதான் போர்ட்டையும் திறக்கிறது. போர்ட் கிடைக்காவிட்டாலும் பழி லாக்கின் மேல். உண்மை நடுவில் ஒடுங்கிக் கிடந்தது: பிழை எண் 98, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது, போர்ட் 80.

கான்ஃபிக் சோதனையையும் விடவில்லை. ‘சின்டாக்ஸ் ஓகே’ என்று பச்சைக்கொடி காட்டியது. அது இலக்கணம் மட்டும் பார்க்கும் வாத்தியார். போர்ட் காலியா என்று எட்டிப் பார்ப்பது அவர் வேலையில் சேர்த்தியில்லை. அவசரத்தில் மறுபடி மறுபடி ஸ்டார்ட் கொடுத்தபோது தாங்கள் கோபித்துக்கொண்டீர்கள். பத்து நொடியில் ஐந்து முறைக்கு மேல் தொந்தரவு கூடாது என்பது தங்கள் வழக்கமான சட்டம். விவரங்களுக்கு, வழக்கம்போல், ஜர்னல்.

இதற்கிடையில் முதலாளி தம் கைப்பேசியில் தளத்தைத் திறந்து மகிழ்ந்தே போனார். “இட் வொர்க்ஸ்னு வருதே தம்பி!” வந்தது, அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம். அதைப் பரிமாறியது இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸ். டெபியனில் இரண்டுக்கும் இயல்பான கோப்புறை ஒன்றுதான். அப்பாச்சி வைத்துவிட்டுப் போன பக்கத்தை எடுத்துக் கொடுக்க என்ஜின்எக்ஸுக்குக் கூச்சம் எதற்கு? முன்பு இங்கே வேலை பார்த்த யாரோ என்ஜின்எக்ஸை நிறுவிவிட்டுப் போயிருக்கிறார். போர்ட் அப்போது அப்பாச்சியிடம் இருந்ததால் அது சத்தமில்லாமல் காத்திருந்தது. ரீபூட்டில் முந்திக்கொண்டு, பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதுபோல் 80-இல் துண்டைப் போட்டுவிட்டது.

இங்கேதான் ஐயா வயிறு எரிகிறது. என்ஜின்எக்ஸை எழுப்பியது யார்? நீதானே! அப்பாச்சியை எழுப்பியதும் நீதானே! இரண்டும் உன் பொறுப்பில் உள்ள பிள்ளைகள், இரண்டின் செயல்முறை எண்ணும் உன் கையில். 80-ஐப் பிடித்திருப்பவன் யார் என்பது கர்னலுக்குத் தெரியும். ஒரு வரி, பெயரோடு ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் ஒரு மனிதனை அவன் வாடிக்கையாளர் முன் நிறுத்தி இப்படி அவமானப்படுத்தியிருக்க வேண்டாமே?

மன்னிக்கவும். ‘தாங்கள்’ என்று எழுத வந்த கை தவறிவிட்டது. விவரங்களுக்கு என் ரத்த அழுத்தத்தைப் பார்க்கவும்.

என்ஜின்எக்ஸை நிறுத்தி, இனி தானாக எழாதபடி முடக்கி, அப்பாச்சிக்கு ஸ்டார்ட் கொடுத்ததும் தாங்கள் ஒன்றுமே பேசவில்லை. வெற்றி என்றால் தங்களுக்கு மௌனம்தான். பெரியவர்கள் பழக்கம். அதையும் பணிவோடு ஏற்கிறோம்.

கோரிக்கை ஒன்றே: போர்ட் தகராறில் ஒரு சேவை விழுந்தால், அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கும் சேவையின் பெயரைத் தங்கள் முதல் செய்தியிலேயே எழுத ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ரூட் கடவுச்சொல்லை மட்டுமே உடைமையாகக் கொண்ட ஊழியன்.

நகல்: இதே சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சக ஊழியர்களுக்கு. முதலில் ‘சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி’ அடியுங்கள். எந்தப் போர்ட்டில் யார் என்று பெயரோடு வரும். சூடோவை விட்டுவிட்டால் பெயர் வராது.