ரெண்டரை லிட்டர் மாப்பிள்ளை

வாங்கிட்டியா மாப்ள? நல்லாப் பண்ணுனே. லீட்ஸ்ல உக்காந்துட்டு, ஊர்ல ஓடற அத்தனை வண்டியையும் விட்டுப்போட்டு, உக்கார சீட்டே இல்லாத வண்டியாப் பார்த்துப் புடிச்சிருக்கறே பாரு, அங்கதான் நீ எங்கக்கா மகன்னு நிக்கறே. போட்டோவும் பார்த்தேன். முன்னாடி ஒரு சக்கரம், பின்னாடி ஒரு சக்கரம், நடுவுல கொஞ்சம் காத்து. அந்தக் காத்துக்குத்தான் நீ அத்தனை பவுண்டு குடுத்திருக்கறே.

இப்ப என்னடான்னா, யார்க்‌ஷயர் மலைப்பாதையில நாள் பூரா சுத்தோணும், டேங்க் ரெண்டரை லிட்டர்தான் புடிக்குது, பாதி வழியில நின்னு போகுது, மாமா ஒரு யோசனை சொல்லுங்கன்னு கேக்கறே. வாங்கறப்ப மாமன் ஞாபகம் வரலை, நின்னு போறப்ப வருது. போகட்டும். பட்டறைல கை கறுத்தவன் நான், கேட்டதுக்குச் சொல்லாம இருக்க முடியாது.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. அந்த டேங்கைச் சின்னதா வெச்சவன் கஞ்சன் இல்லை. நீ வாங்குனது ட்ரையல்ஸ் வண்டி, ட்ரையல்ஸ் போட்டியில வேகத்துக்கு வேலையே கிடையாது. பாறையும் ஓடையும் வேருமா ஒரு துண்டு இடத்தைக் குறிச்சுக் குடுப்பாங்க, கால் ஊணாமத் தாண்டோணும். ஒருதரம் ஊணுனா ஒரு புள்ளி, ரெண்டு தரம்னா ரெண்டு, அதுக்கு மேலன்னா மூணு, தாண்ட முடியாமப் போனா அஞ்சு. கம்மியா வாங்குனவன் ஜெயிச்சான். அதுக்காக வண்டியை 70 கிலோ சுத்துவட்டாரத்துல நிறுத்தப் போல்ட் போல்ட்டாச் செதுக்கியிருக்கறான். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. நீ மூணு லிட்டர் கூட ஏத்தறேன்னா, டப்பாவோட சேர்த்து மூணு கிலோவை அவன் தலையில வெக்கறே.

நீண்ட தூரம் போற ட்ரையல்ஸ் இல்லாமலும் இல்லை. ஸ்காட்லாந்துல ஃபோர்ட் வில்லியம்ல மே மாசம் ஆறு நாள் நடக்குதே, 1909-ல ஆரம்பிச்சது, அதுல தினம் 30 இடம் தாண்டோணும், நடுவுல ரோடும் சேறுமா நூறு கிலோமீட்டருக்கு மேலகூடப் போகும். ஸாமி மில்லர்ங்கற ட்ரையல்ஸ்காரர் 1965-ல புல்டாகோ ஷெர்ப்பா டூ-ஸ்ட்ரோக்கை ஓட்டி, பிரிட்டிஷ்காரன் ஃபோர்-ஸ்ட்ரோக் பெருமைக்கெல்லாம் வேட்டு வெச்சது அந்தப் போட்டியிலதான். அங்க ஓட்டறவங்களே நடுவழியில குறிச்ச இடத்துல நின்னு பெட்ரோல் ஊத்திக்கறாங்க. உலகத்துலயே கைதேர்ந்தவங்க நின்னு ஊத்தறாங்க, எங்க மாப்பிள்ளைக்கு மட்டும் நிக்கறது கௌரவக் குறைச்சல்.

சரி, உன்ற வண்டி லிட்டருக்கு எத்தனை குடுக்குது? தெரியாதுல்ல? தெரியாமலேதான் பெரிய டேங்க் தேடறே. விளிம்பு வரைக்கும் ஊத்து. நீ வழக்கமாப் போற பாதையில போய்ட்டு வா. திரும்பி வந்து அளவு ஜாடியில ஊத்திப் பாரு, எத்தனை மில்லி இறங்குதுன்னு. ரோட்டுல ஒரு கணக்கு வரும், சேத்துல ஒரு கணக்கு வரும், ரெண்டையும் எழுதி வை. பேச்சுக்கு லிட்டருக்கு 20 கிலோமீட்டர்னு வெச்சா, ரெண்டரை லிட்டர்ல 50. போக வர, வழி தப்ப, இதெல்லாம் கழிச்சா 35-ஐத்தான் நம்பலாம். உனக்குத் தேவை 60-ன்னா, பத்தாம இருக்கறது ஒரு லிட்டரும் சொச்சமும். அதுக்குப் போய் நாலு லிட்டர் கேன் விலை விசாரிக்கறே.

அந்த ஒரு லிட்டர்லயும் கொஞ்சம் வண்டியே ஒளிச்சு வெச்சிருக்கும். ஸ்டாண்டுல தூக்கி வெச்சுச் சக்கரத்தைச் சுத்திவிடு. 'சிர்ர்'னு ஒரசிட்டு ரெண்டாவது சுத்துல நின்னா, பிரேக் புடிச்சிருக்குதுன்னு அர்த்தம். நீ ஊத்தற பெட்ரோல்ல பிரேக் கட்டை தேயுது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழட்டிப் பாரு. சேறடைச்சு, ஆயில்ல ஊறி, புழிஞ்சா சொட்டற மாதிரி இருந்தா, இன்ஜின் காத்துக்குத் திணறிப் பெட்ரோலைக் கூடக் குடிக்கும். கழுவி, காய வெச்சு, அளவா ஆயில் தடவிப் போடு. வண்டி சாய்ஞ்சு கெடந்துச்சுன்னா கார்புரேட்டர்ல இருந்து கீழ தொங்கற ஹோஸ் வழியா பெட்ரோல் ஊத்தும். உன்ற வண்டி எத்தனை தரம் சாயும்னு நான் கேக்கலை, மரியாதை வேணும்ல. சாஞ்சா உடனே தூக்கு, நிறுத்தி வெக்கறப்ப டேப்பை மூடு. கூட்டாளியோட கதை பேசறப்ப ஆக்சிலேட்டரைத் திருகித் திருகி 'ர்ர்ம் ர்ர்ம்'னு விடறது இருக்குதே, அந்தப் பாட்டுக்கும் நீதான் காசு குடுக்கறே.

டயர்ல ட்ரையல்ஸ்காரங்க நாலஞ்சு பி.எஸ்.ஐ-தான் காத்து வெப்பாங்க, பாறையைக் கவ்வோணும்னு. நீ அதே காத்தோட தார் ரோட்டுல போனா டயர் சப்பையா ஒட்டிக்கிட்டே வரும். பெட்ரோலும் போகும், மெத்து ரப்பரும் தேஞ்சு போகும். எட்டு, பத்துன்னு ஏத்திக்கோ, பாறை வந்தா இறக்கிக்கோ. கைப்பம்ப் ஒண்ணும் சின்ன கேஜ் ஒண்ணும் போதும்.

அடுத்தது ஸ்ப்ராக்கெட். கீழ் கியர் எல்லாம் ஆமை வேகத்துக்குன்னே போட்டிருக்கறான். அந்த கியர்லயே நீ பாதையெல்லாம் கத்திக்கிட்டுப் போனா பெட்ரோல் எப்படி நிக்கும்? முன்னாடி 11 பல் இருந்தா 12 போட்டுப் பாரு. அதே வேகத்துக்கு இன்ஜின் சுத்தறது நூத்துக்கு எட்டு பங்கு குறையும். செயின் கேஸ்ல ஒரசுதான்னு பார்த்துப் போடு. ஒரே பல்தான், ரெண்டாவதைப் பேராசைன்னு வெச்சுக்கோ. அப்புறம் ஏத்தத்துல கிளட்ச்சை ஒரசி ஏத்தறே, கிளட்ச் பிளேட்டுக்குத் தனியா அழுவே. தார் ரோட்டுல முறுக்கிப் புடிச்சு ஓட்டறதையும் விட்டுரு. இந்த இன்ஜின் மைல் கணக்குல முழு வேகத்துல கத்தறதுக்குப் பொறந்தது இல்லை.

இத்தனையும் பண்ணிப்போட்டு நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். எவனோ ஒருத்தன் காதுல ஓதுவான், கார்புரேட்டர் ஊசி க்ளிப்பை ஒரு காடி மேல போடு, ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும்னு. குறையும்தான். உன்ற டூ-ஸ்ட்ரோக்ல ஆயில் எதுல வருது? பெட்ரோல்லதான வருது. பெட்ரோலைக் குறைச்சா ஆயிலையும் சேர்த்துத்தான் குறைக்கறே. சூடு ஏறும், ஆயில் இறங்கும், பிஸ்டன் சிலிண்டரைக் கட்டிப்புடிச்சுக்கும். அப்புறம் வண்டி ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடக் குடிக்காது. சிக்கனத்துல அதுக்கு மேல சிக்கனம் இல்லை.

இனி அந்த ஒரு லிட்டரைச் சுமக்கற கதைக்கு வருவோம். முதுகுப்பையில போட்டுக்கறேன்னு எழுதியிருக்கறே. பேஷாப் போடு. பாறையில மல்லாக்க விழறப்ப முதுகெலும்புக்கும் பாறைக்கும் நடுவுல பெட்ரோல் மெத்தை. பின் மட்கார்டுல கட்டறதும் நல்ல யோசனைதான், அடியில தாங்கறதுக்குச் சட்டமே இல்லை, வெறும் பிளாஸ்டிக், மூணாவது குழியில கேனும் மட்கார்டும் சேர்ந்தே இறங்கிக்கும். வெள்ளாட்டு முதுகுல நெல்மூட்டை ஏத்துனா ஆடும் நடக்காது, நெல்லும் வீடு வராது. எடை கீழயும் நடுவுலயும் இருக்கோணும். கேம்ப் அடுப்புக்கு விக்கற ஒரு லிட்டர் அலுமினியப் பெட்ரோல் பாட்டில் வாங்கு. டேங்க் ஓரமா ஃப்ரேமை ஒட்டி, ரப்பர் பட்டை போட்டு, ஹேண்டில் முழுசாத் திரும்பறப்பவும் முட்டாத இடமாப் பார்த்து, சைலன்சர் சூடு எட்டாமக் கட்டு. கழுத்து வரைக்கும் ஊத்தாதே, வெயில்ல பெட்ரோல் விரியும்.

நம்ம பக்கம் தண்ணி பாட்டில்ல பெட்ரோல் வாங்கிப் பழகுன கை உன்னுது. அங்க அந்தப் பழக்கம் செல்லாது. பங்க்ல அங்கீகாரம் பெத்த கேன்லதான் புடிக்கோணும், பிளாஸ்டிக்னா 10 லிட்டர் வரைக்கும், இரும்புன்னா 20 வரைக்கும். கேனைத் தரையில வெச்சுப் புடி, கார் டிக்கிக்குள்ளயே வெச்சு நீட்டாதே, ஸ்டேட்டிக் பொறி ஒண்ணு போதும். வீட்டுக்கு வந்து பாட்டிலுக்கு மாத்திக்கோ. 2021-ல இருந்து அங்க சாதாப் பெட்ரோல்ல பத்து சதம் எத்தனால். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடச் சக்தி கம்மி, அதுலயும் ஒரு மடக்கு மைலேஜ் போகும். இங்க எங்களுக்கு இருபது சதம் ஊத்தறாங்க, நாங்க சிரிச்சுக்கிட்டே ஓட்டறோம், நீ பத்துக்கு அழாதே.

பாட்டில் எறக்கி ஏத்தறது சோம்பேறித்தனமா இருந்தா, ஒரு பட்டறைச் சூட்சுமம் சொல்றேன். மெயின் டேங்க் மூடியில காத்து உள்ள போக ஒரு சின்ன ஹோஸ் இருக்கும் பாரு. பெட்ரோல் இறங்க இறங்க அது வழியாத்தான் டேங்க் மூச்சு இழுக்கும். அந்த ஹோஸோட இன்னொரு முனையை, தனியாக் கட்டற துணை டேங்கோட அடிவாரத்துல கோத்துவிடு. துணை டேங்க் மூடிக்கு மட்டும் வெளிக்காத்து விடு. மெயின் டேங்க் மூச்சு இழுக்கறப்ப காத்துக்குப் பதிலா பெட்ரோல் வரும். துணை டேங்க் மொதல்ல காலியாகும், அப்புறம் ஹோஸ்ல காத்து வரும், மெயின் டேங்க் அப்பவும் நிறைஞ்சிருக்கும். பம்ப்பும் வேண்டாம், இன்னொரு டேப்பும் வேண்டாம். மெயின் மூடி மட்டும் துளிக்காத்து கசியாம இறுகோணும், கசிஞ்சா அது காத்தைத்தான் இழுக்கும், பெட்ரோல் வராது. ஹோஸ்ல ஒருவழி வால்வு இருந்தா அதைக் கழட்டி எடுத்துரு. நடுவுலயே விட்டா, வெயில்ல டேங்க் உப்பறப்பப் போக வழியில்லாமக் கார்புரேட்டரை நெரிக்கும். ஹோஸ் பெட்ரோல் தாங்கற ஹோஸா இருக்கோணும். மீன்தொட்டிக் குழாய் போட்டா ரெண்டே வாரத்துல விறைச்சு வெடிக்கும். சில மாடலுக்குச் சீட்டும் டேங்க்கும் ஒண்ணாச் சேர்ந்த கிட்டே விக்கறாங்க, உன்ற வண்டிக்கு இருந்தா அதை வாங்கிக்கோ, என்ற சூட்சுமத்தை மறந்துரு.

ஆயில் பாட்டிலை மட்டும் மறந்தே, தொலைஞ்சே. வழியில ஏதோ கிராமத்து பங்க்ல புடிக்கறது வெறும் பெட்ரோல். உன்ற வண்டிப் புத்தகத்துல எண்பதுக்கு ஒண்ணுன்னு போட்டிருந்தா, லிட்டருக்கு பன்னெண்டரை மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில். மருந்துக்கடை சிரிஞ்சுல அளந்து சின்ன டப்பியில போட்டுக்கோ, சட்டைப் பையில கெடக்கட்டும்.

இதெல்லாம் சொல்லிப்போட்டு இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். மாப்ள, அந்த வண்டியில சீட்டு இல்லை. அறுபது கிலோமீட்டரும் நின்னுக்கிட்டே போகோணும். டேங்க் தீர்றதுக்கு முன்னாடி உன்ற தொடை தீர்ந்துரும். ஆபீஸ் நாற்காலியில வளர்ந்த தொடை, எத்தனை மில்லி புடிக்கும்னு அதையும் ஒரு நாள் அளந்து பாரு. கால் நடுங்க ஆரம்பிக்கற இடத்துல பெட்ரோல் எவ்வளவு மிச்சம்னு எட்டிப் பாரு. மிச்சம் இருந்தா, துணை டேங்க் எதுக்குன்னு நீயே சொல்லு.

அப்படியும் நாள் பூரா சுத்தியே தீரோணும்னா, அதுக்குன்னே மான்டெசா 2016-ல 4ரைடுன்னு ஒண்ணு விட்டான். அதே ட்ரையல்ஸ் ஜாதி ஃபோர்-ஸ்ட்ரோக், நாலு லிட்டருக்கு மேல டேங்க், உக்காரச் சீட்டு, நீளமான கியர். எடையும் விலையும் ஏறுது, அதையும் சொல்லிப்புடறேன். வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டிருந்தா இதைத்தான் சொல்லியிருப்பேன், நீதான் வாங்கிட்டு வந்து கேக்கற ஜாதியாச்சே.

அங்க மலைப்பாதையெல்லாம் எல்லாருக்கும் திறந்து கெடக்குதுன்னும் நினைக்காதே. மோட்டார் வண்டிக்கு அனுமதி இருக்கற பாதை தனி, சிலதைத் தடை போட்டு மூடியும் வெச்சிருக்கறாங்க. வண்டிக்கு நம்பர், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேணும், பழைய வண்டின்னா எம்.ஓ.டி. சோதனைச் சான்றும் வேணும். போட்டிக்குன்னே வித்த வண்டி பலதுக்கு நம்பரே வாங்கியிருக்க மாட்டாங்க. உன்றது எந்த வகைன்னு கடுதாசியில எழுதவே இல்லையே? சாமர்த்தியந்தான்.

அளந்து எழுது, கணக்கைப் பார்த்து ஹோஸ் அளவு சொல்றேன். உங்கம்மா போன் பண்ணிக் கேட்டா, சும்மா ஒரு சீட்டு வாங்கி மாட்டறேன்னு மட்டும் சொல்லு. பெட்ரோல்னு வாயைத் தொறந்தீன்னா அவ என்னையத்தான் கூப்பிடுவா, நான் போனை எடுக்க மாட்டேன்.