படியேறும் தோள்வலி

திருத்தணி மலைக்கு 365 படி ஏறினால் எனக்குக் காலைவிடத் தோளும் கழுத்தும்தான் வலிக்கின்றன. மார்பு பெரிதாக இருப்பதுதான் காரணம் என்கிறாள் தங்கை. கிண்டல்தானே?
– வாசகி ஒருவர், கே.ஜி.கண்டிகை

கிண்டல் பாதி, வைத்தியம் பாதி! ஆடிக் கிருத்திகைக் காவடியையாவது மேலே போய் இறக்கி வைக்கலாம். மார்பின் பாரத்தைக் கழுத்து, முதுகுத் தசைகள் நாள் முழுக்க இழுத்துப் பிடிக்க வேண்டும். ருமேனிய டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப், முதுகுவலி தாங்காமல் 2009-இல், 17 வயதில், மார்பளவைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2018-இல் பிரெஞ்சு ஓப்பன், 2019-இல் விம்பிள்டன்!

உங்களுக்கு முதலில் கத்தி வேண்டாம், பிரா அளவெடுக்க இஞ்ச் டேப் போதும். சரியான அளவு பிராவில் பாரத்தைத் தாங்குவது தோள்பட்டை நாடா அல்ல, மார்பைச் சுற்றும் பட்டை. விரல் மரத்துப்போனால் மட்டும் தங்கையை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.