அக்பருக்கே டெமோ காட்டிய புகை

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், இ-சிகரெட்டுக்கு நாடு முழுக்கத் தடை வந்ததும் ஒரே 2019-இல்தான். (தமிழ்நாடு 2018-லேயே தடை போட்டாச்சு.) தடையைத் தாண்டி ஸ்கூல் பாத்ரூம் வரை நுழையப் பார்க்கும் வேப்புக்கு (அதே இ-சிகரெட்தான்) என்ன வாசனை தெரியுமா? மாம்பழம்! மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிற ராஜபாளையத்துப் பிள்ளைக்கு, பேட்டரி போட்ட மாம்பழமாம்!

"இந்தக் காலத்துப் பசங்க..." என்று ஆரம்பிக்காதீங்க சார். புகையை வீட்டுக்குள் விட்டதே பெரியவங்கதான். அதுவும் மருந்து என்று சொல்லி.

1560 வாக்கில் போர்ச்சுக்கல்லில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிகோ, தலைவலிக்கு நல்லது என்று பிரெஞ்சு ராஜமாதா கேத்தரீனுக்குப் புகையிலையை அனுப்பி வைத்தார். தலைவலி போய்த் திருகுவலி வந்தது அப்படித்தான்.

நம்ம ஊர் டெமோ இன்னும் ஜோர். 1604 வாக்கில் அசத் பேக் என்ற அதிகாரி, பீஜப்பூரிலிருந்து ரத்தினம் பதித்த ஹூக்காவைக் கொண்டுவந்து அக்பர் முன்னால் வைத்தார். பேரரசர் குழாயை வாயில் வைத்ததும் அரண்மனை வைத்தியர் பதறிப்போய்த் தடுத்தார். நாம் சோதித்துப் பார்க்காத சரக்கு, வெள்ளைக்காரன் சொன்னான் என்று எடுத்துக்கொள்வதா என்பது அவர் கட்சி. அசத் பேக் விடுவாரா? எந்தப் பழக்கமும் முதலில் புதுசுதானே என்று ஒரே போடு. அக்பர் இரண்டு மூன்று இழுப்போடு நிறுத்திக்கொண்டார், கெட்டிக்காரர். பக்கத்தில் நின்ற பிரபுக்கள்தான் "எனக்கு, எனக்கு" என்று கை நீட்டினார்கள். சக்கரவர்த்தியே இன்ஃப்ளூயன்சர் ஆனால் வேறென்ன நடக்கும்?

மகன் ஜஹாங்கீர் 1617-இல் புகையிலைக்குத் தடை போட்டார். உடம்புக்குக் கெடுதலாம். சொன்னவர், ஒரு காலத்தில் தினம் இருபது கோப்பை சாராயம் குடித்ததாகத் தானே எழுதி வைத்தவர்!

இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ் 1604-இல் புகையிலையைத் திட்டி ஒரு புத்தகமே எழுதினார், வரியையும் தாறுமாறாக ஏற்றினார். கல்லா நிரம்பியதும் கோபம் ஆறி, 1624-இல் வியாபாரத்தையே அரசு ஏகபோகமாக்கிக்கொண்டார்.

உச்சம் இனிமேல்தான். 1665-இல் லண்டனில் பிளேக். புகை நோயை விரட்டும் என்று நம்பி, ஈட்டன் பள்ளிப் பையன்கள் தினம் காலையில் புகைக்க வேண்டும் என்றார்களாம். ஒரு நாள் புகைக்காததற்காக வாங்கிய அடியைப் போல வேறெப்போதும் வாங்கியதில்லை என்று அங்கே படித்த ஒருவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிரம்பு அதேதான், குற்றம்தான் தலைகீழ்!

2003-இல் சீன மருந்தாளர் ஹான் லிக் இ-சிகரெட்டோடு வந்தார். அப்பா புகைத்து நுரையீரல் புற்றுநோயில் போனவர். சிகரெட்டை விட வைக்கத்தான் இந்தக் கருவி என்றார், பாவம், நல்ல மனுஷன். கண்டுபிடித்த பிறகும் அவர் சிகரெட்டை முழுசாக விடவில்லை. ஆக, மறுபடியும் மருந்து!

இன்று வேப் விற்றால் முதல் முறைக்கே ஓராண்டு வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். விற்கிறவனைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒன்று செய்யுங்கள். பையில் கிடக்கிற பளபளப்பான சாமானைப் பென் டிரைவ் என்று பிள்ளை சொன்னால், திட்டாதீர்கள். அதில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.