வேஷம் மாற்றும் ஆசாமி

கேள்வி: போன வருஷம்தான் ஃப்ளூ ஊசி போட்டேன். காய்ச்சல் வேறு வந்தது. இந்த வருஷமும் போடணுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: போடுங்கள் அம்மா. ஃப்ளூ வைரஸ் வருஷா வருஷம் வேஷம் மாற்றும் ஆசாமி. பழைய போட்டோவோடு வாசலில் காவல் நின்றால் அகப்படமாட்டான். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு 2 முறை ஊசிக்கான போட்டோவைப் புதுப்பிப்பது அதனால்தான். ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், ஃப்ளூ தராது. கை கடுக்கும், ஓரிரு நாள் உடம்பு கணகணக்கும். சர்க்கரை நோயுள்ள என் அத்தை, 'சளிதானே' என்று ஊசி போடாமல் மிளகு ரசத்தை நம்பினார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அவரைப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. ஊசி முழுசாகத் தடுக்காதுதான். நோய் முற்றுவதைப் பெருமளவு குறைக்கும். பலன் தெரிய 2 வாரம் ஆகும். ஐப்பசி மழைக்குக் காத்திராமல் புரட்டாசியிலேயே டாக்டரைப் பாருங்கள்.