டார்ச்சைத் தேட ஒரு டார்ச்

டெல்லிக்குப் புதிதாகக் குடிவரும் தமிழர்களுக்கு நான் இலவசமாக வழங்கும் ஆலோசனைகள் பல. ஆட்டோக்காரரிடம் எந்தக் குரலில் பேசுவது, கூலரை எந்த ஜன்னலில் மாட்டுவது, ஜனவரியில் எப்படிக் குளிப்பது அல்லது குளித்ததுபோல் எப்படி வெளியே வருவது. இதுவரை யாரும் கேட்காத ஆலோசனை ஒன்று பாக்கி இருக்கிறது: டார்ச் வாங்குவது எப்படி? வீட்டுக்கு ஒன்று, காருக்கு ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய். இந்தத் தொகை என் மனைவி நிர்ணயித்தது, மேல்முறையீடு கிடையாது.

"வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே, டார்ச் எதற்கு?" என்பீர்கள். இன்வெர்ட்டர் ஏன் ஓடவில்லை என்று பார்க்க. "போனில் லைட் இருக்கிறதே?" போன் எங்கே கிடக்கிறது என்று பார்க்க.

2012 ஜூலை 30, அதிகாலை 2.33. வட இந்திய மின்தொகுப்பு மொத்தமாகப் படுத்த நேரம் அது. டெல்லியில் ஜூலை மாதம் ஃபேன் நிற்கும் நிசப்தத்தைவிடப் பெரிய அலாரம் கிடையாது. எழுந்து உட்கார்ந்தேன்.

"டார்ச் எங்கே வெச்சிருக்கே?"

"அலமாரியில மேல்தட்டு. பித்தளைக் குடத்துக்குப் பின்னால."

தடவினேன். குடம் அகப்பட்டது. அப்பளக் கட்டு அகப்பட்டது. இரண்டு வருஷமாகக் காணாமல்போன என் மூக்குக்கண்ணாடிகூட அகப்பட்டது.

"ஒண்ணும் தெரியலையே."

"டார்ச் அடிச்சுப் பாருங்க" என்றாள், தூக்கம் கலையாமல்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்குத் தொகுப்பு மறுபடி விழுந்தது. இந்த முறை கிழக்கும் வடகிழக்கும் துணைக்கு விழுந்தன. அறுபது கோடிப் பேருக்கு மேல் மின்சாரம் போயிற்று, மெட்ரோ ரயில்கள் நடுவழியில் நின்றன. பட்டப்பகலானதால் எங்கள் டார்ச் உடனே கிடைத்துவிட்டது.

ஆகவே டார்ச் வாங்குமுன் ஆணி வாங்குங்கள். வாசற்கதவுக்கு உள்பக்கம், கை தூக்காமல் எட்டும் உயரத்தில் அடியுங்கள். கயிறு கோக்க ஓட்டை இல்லாத டார்ச்சைக் கையில்கூட எடுக்காதீர்கள்.

இப்போது கடைவீதி. லால் கிலா மெட்ரோவில் இறங்கினால், செங்கோட்டையைப் பார்த்தபடி லாஜ்பத் ராய் மார்க்கெட். அதன் பக்கத்திலேயே பாகீரத் பேலஸ்: ஒருகாலத்தில் பேகம் சம்ருவின் மாளிகை, இன்று ஒயரும் பல்பும் சுவிட்சும் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் மொத்த வியாபாரச் சந்தை. சந்துக்குள் நுழைந்து "டார்ச்" என்று ஒருமுறை சொன்னால் போதும். நாலு திசையிலிருந்தும் முகத்தில் வெளிச்சம் அடிப்பார்கள். அடுத்த ஐந்து நிமிஷத்துக்கு உங்களுக்குப் பார்வை இருக்காது. பேரம் நடப்பது அந்த ஐந்து நிமிஷத்தில்தான்.

என்னிடம் நீட்டப்பட்ட பெட்டியில் 1,00,000 லூமென் என்று போட்டிருந்தது. பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது சுமார் 800 லூமென். அந்தக் கணக்குப்படி என் சட்டைப்பைக்குள் 125 குண்டு பல்பு எரிய வேண்டும்; எரிந்தால் சட்டை மிஞ்சாது. மெழுகுவத்தி தருவது பன்னிரண்டு லூமென் சொச்சம். அதை வைத்துக்கொண்டு நம் தாத்தாக்கள் பரீட்சைக்கே படித்திருக்கிறார்கள். வீட்டுக்கு 100 லூமென் தாராளம். டார்ச்சைத் தரையில் நிமிர்த்தி வைத்து வெளிச்சத்தைக் கூரைக்கு அடித்தால் வெள்ளைச் சுண்ணாம்பு அறை முழுவதும் பரப்பிவிடும். சோறு எது, ரசம் எது என்று தெரிந்து சாப்பிடலாம். அதனால் அடிப்பாகம் தட்டையாக இருக்கிற டார்ச்தான் வேண்டும். உருண்டையாக இருந்தால் டம்ளருக்குள் நிறுத்த வேண்டியிருக்கும், டம்ளரைத் தேட வேண்டியிருக்கும்.

அதே பெட்டியில் "2000 மீட்டர்" என்றும் கண்டிருந்தது. இந்த மீட்டர் கணக்கு ரசமானது. டார்ச்சுகளை அளக்க 2009 முதல் அமெரிக்காவில் ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. ஒளி பலவீனமாகிக்கொண்டே போய் 0.25 லக்ஸ் ஆகும் இடம்வரை உள்ள தூரத்தையே வீச்சு என்று எழுதலாம் என்கிறது அது. 0.25 லக்ஸ் என்பது ஏறத்தாழப் பௌர்ணமி நிலவின் வெளிச்சம். அதாவது பெட்டி உண்மையே பேசினாலும், சாந்தினி சௌக்கின் இந்தக் கோடியிலிருந்து அடித்த வெளிச்சம் அந்தக் கோடி ஃபதேபுரி மசூதிச் சுவரில் நிலாவாகத்தான் விழும். ஷாஜகானின் மகள் ஜஹானாரா இந்த வீதியை அமைத்தபோது நடுவே ஒரு குளம் வைத்து அதில் நிலவை வரவழைத்தார். சாந்தினி என்ற பெயரே அந்த நிலவொளியால் வந்ததாகச் சொல்வார்கள். மீட்டர் கணக்கில் நிலா விற்க இதைவிடப் பொருத்தமான கடைவீதி எங்கே கிடைக்கும்?

உத்தரவாதம் உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, டெல்லிக் கடைவீதிகளின் வேதவாக்கைச் சொன்னார்: "சலே தோ சாந்த் தக், நஹி தோ ஷாம் தக்." ஓடினால் நிலா வரைக்கும், ஓடாவிட்டால் சாயங்காலம் வரைக்கும். நான் வாங்கும்போது மணி நாலரை.

அந்த டார்ச் சார்ஜ் செய்கிற வகை. உள்ளே இருந்தது 18650 என்கிற லித்தியம் செல். 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம் என்பதால் அந்தப் பெயர். செல்லின் மேல் 9900 எம்.ஏ.ஹெச். என்று அச்சிட்டிருந்தது. இந்த அளவுச் செல்லில் நல்ல கம்பெனிகளே 3500 சொச்சத்துக்கு மேல் அடைக்கத் திணறுகின்றன. நல்ல செல் 45 கிராமாவது எடை இருக்கும் என்று படித்திருந்தேன். எங்கள் வீட்டில் தராசு இல்லை. கரோல் பாக்கில் காப்பிப்பொடி வாங்கப் போனபோது செல்லையும் எடுத்துப்போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். அரைத்த கொட்டையின் சூடு ஆறாத எலக்ட்ரானிக் தராசுத் தட்டில் செல்லை வைத்தார். சிவப்பு எண்கள் துள்ளி, 26-இல் நின்றன. மறுபடி எடுத்து வைத்தார். 26.

"சார், இதுல சிக்கரி எவ்வளவு சதவீதம் போட்டாங்க?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து வீட்டு டார்ச்சுக்கு என் சிபாரிசு பென்சில் செல் போடுகிற வகை. காரணம், இருட்டில் கடைக்கு ஓட வேண்டாம். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று, டி.வி. ரிமோட்டில் இரண்டு என்று வீடு முழுக்க உதிரி செல்கள் மாட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பலருடைய ரிமோட்டில் இருப்பது அடுத்த அளவு சின்ன செல். இதை இருட்டு வருமுன் பார்த்துக்கொள்வது நல்லது. கடிகாரத்திலிருந்து எடுத்தால் காலையில் திருப்பிப் போட மறக்காதீர்கள். ஒருமுறை நான் மறந்து, எட்டு மணியிலேயே ஒன்றரை மணி நேரம் நிதானமாக இருந்துவிட்டு ஆபீஸ் போனேன்.

பெட்டியில் "8 மணி நேரம் எரியும்" என்று இருப்பதையும் கொஞ்சம் உரசிப் பாருங்கள். அதே தரநிர்ணயத்தில், வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரை எரிவதாகவே கணக்கு. என் டார்ச்சுக்கு அந்த உரசல் கொரோனா ஊரடங்கில் நடந்தது. 2020 ஏப்ரல் 5, ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு, ஒன்பது நிமிஷம் விளக்கை அணைத்துவிட்டு அகலோ மெழுகுவத்தியோ டார்ச்சோ ஏற்றச் சொன்னார் பிரதமர். நாட்டின் மின்தேவை அந்தக் கொஞ்ச நேரத்தில் சுமார் 31,000 மெகாவாட் குறைந்தது. நீர்மின் நிலையங்களை மடமடவென்று இறக்கி ஏற்றித் தொகுப்பைச் சாயாமல் நிறுத்தினார்கள். பால்கனியில் நான் பிடித்திருந்த சிக்கரி டார்ச் நாலாவது நிமிஷம் ராஜினாமா செய்தது. எதிர்வீட்டு சர்தார்ஜி எங்கள் பால்கனியைப் பார்த்து, இவர் எதிர்க்கட்சி போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

கட்சி என்றதும் ஞாபகம் வருகிறது. டெல்லியில் ஒரு தமிழருக்குப் பேரமே பேசாமல் டார்ச் கிடைத்தது உண்டு. 2019-இல் அசோகா சாலையில் உள்ள தேர்தல் ஆணையம் கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யத்துக்கு பேட்டரி டார்ச் சின்னம் ஒதுக்கியது. அதற்கு உள்ளே செல் போட வேண்டிய அவசியம் இல்லை.

என் அப்பா காலத்தில் இவ்வளவு ஆராய்ச்சி கிடையாது. எவரெடி வீடு, நிப்போ வீடு என்று இரண்டு சாதி. டார்ச்சில் ரெண்டு கட்டை, மூணு கட்டை, வரப்புக்குப் போகிறவருக்கு ஐந்து கட்டை. எங்கள் பித்தளை டார்ச் மூணு கட்டை. மங்கினால் உள்ளங்கையில் ரெண்டு தட்டு. அதற்கும் மசியாவிட்டால் கட்டைகளை மொட்டைமாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காய வைப்பார். சாயங்காலம் நிஜமாகவே கொஞ்சம் எரியும். சூட்டில் உள்ளே ரசாயன வேலை சற்றே வேகம் எடுப்பதுதான் சங்கதி. இது சாகப்போகிறவருக்குக் கொடுக்கும் காப்பி மாதிரி. இரண்டாம் முறை பலிக்காது. அந்தக் கட்டைகளில் துத்தநாகக் கூடுதான் எரிபொருளும். தின்னத் தின்னக் கூடு ஓட்டையாகி, உள்ளேயிருப்பது கசியும். அப்பா போனபின் அந்த டார்ச்சைத் திறக்க முயன்றேன். மூடி சுழலவில்லை. துணி சுற்றி முறுக்கியபோது பச்சையும் வெள்ளையுமாகப் பொடி கொட்டியது. ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. கட்டைகள் பித்தளையோடு ஒட்டிப்போய், இன்றுவரை உள்ளேயே இருக்கின்றன. இப்போதைய ஆல்கலைன் செல்லும் கசியும். அது காரம் என்பதால் எலுமிச்சம்பழம் தேய்த்தால் போய்விடும். பழையது அமில ஜாதி, அதற்குச் சோடா மாவு. சமையலறையில் இரண்டும் இருப்பதால் இதைப் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டாம்.

இனி கார். டெல்லி வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். (2024 மே மாதம் முங்கேஷ்பூரில் 52.9 என்று காட்டிய வெப்பமானி 3 டிகிரி கூட்டிச் சொன்னது பிறகு தெரிந்தது. அரசாங்கக் கருவியே அப்படி என்றால் நூற்றைம்பது ரூபாய் டார்ச்சின் பெட்டியை நான் ரொம்பத் திட்ட மாட்டேன்.) அந்தச் சூட்டில் சார்ஜ் செய்கிற லித்தியம் டார்ச்சை டாஷ்போர்டில் போட்டு வைப்பது வம்பு. இங்கேயும் பென்சில் செல்தான். டார்ச்சை டிக்கியில் வைத்து, செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டுத் துண்டைச் செருகிவிடுங்கள். சுவிட்ச் தானாக அழுந்தி எரிந்து தீராது. கார்டைக் கண்ணை மூடிக்கொண்டு உருவப் பழகுங்கள். விருந்தினர் இல்லாத நேரம் பார்த்துப் பழகுவது உத்தமம்.

காருக்குக் கையில் பிடிக்கிற டார்ச் கூடாது, தலையில் மாட்டுவதுதான் சரி என்பதை முர்தலில் பராத்தா தின்றுவிட்டு வரும் வழியில் கற்றுக்கொண்டேன். ஜனவரி, பனிமூட்டம், பின்சக்கரம் பஞ்சர். மனைவி டார்ச் பிடித்தாள். நான் நட்டைப் பார்க்கிறேன், அவள் லாரியைப் பார்க்கிறாள். வெளிச்சம் லாரிக்குப் போகிறது. லாரி போனதும் வெளிச்சம் ஒரு நாய்க்குப் போனது.

"இங்கே அடி!"

"எங்கேங்க?"

"நான் பார்க்கிற இடத்துல!"

"நீங்க எங்கே பார்க்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும், இருட்டா இருக்கே?"

தலை டார்ச் மாட்டினால் பார்க்கிற இடத்தில் வெளிச்சம் விழும், இரண்டு கையும் நட்டுக்கு மிச்சம், குடும்பமும் மிச்சம். ஒன்று சொல்ல வேண்டும்: பனிமூட்டத்தில் எந்த டார்ச்சும் தூரம் காட்டாது. நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்துத் திருப்பிவிடுவதால் கண்முன்னே வெள்ளைச் சுவர்தான் எழும்பும். ஹெட்லைட்டில் ஹை பீம் போடக் கூடாது என்பதும் அதனால்தான். அங்கே டார்ச்சின் வேலை பின்னால் வருகிறவன் கண்ணில் நாம் படுவது. சிவப்பு விளக்கும் மினுக்குகிற தலை டார்ச்சாகப் பாருங்கள்.

இப்படியாக இரண்டு டார்ச் வாங்கி, 470 ரூபாயில் முடித்து, மிச்சம் முப்பதில் ஆணியும் கயிறும் வாங்கி மாட்டினேன். அடுக்ககத்தில் டார்ச் நிபுணன் என்று பெயர். போன மே மாதம் புழுதிப்புயல் ஒன்று அடித்து மரம் சாய்ந்து எங்கள் பிளாக் முழுக்க இருண்டது. கதவோரம் கைநீட்டினேன். ஆணி இருந்தது.

"சாயங்காலம் டயர் காத்து பார்க்க எடுத்துட்டுப் போனீங்களே, டிக்கி டார்ச்சுல செல் தீர்ந்துபோச்சுன்னு" என்றாள் உள்ளிருந்து.

கதவைத் தட்டும் சத்தம். சர்தார்ஜி. "பாய்சாப், டார்ச் இருக்கிறதா?"

"இருக்கிறது, கீழே காரில்."

"சாவி?"

"இங்கேதான் எங்கேயோ" என்று நான் அலமாரி மேல்தட்டைத் தடவ ஆரம்பித்தேன். குடம் அகப்பட்டது.