திண்டுக்கல் நாக்கோடு சிங்கப்பூரில்

திண்டுக்கல் பக்கத்து ஆம்பளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவதென்றால் பாஸ்போர்ட், விசா எல்லாம் சின்ன வேலை. கூடவே வரும் அந்த நாக்கைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. எங்கள் வீட்டுக்காரருக்கு அகரத்தில் வீடு, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. சீரகச் சம்பாவில் செய்தால் பிரியாணி, மற்றதெல்லாம் கறிச்சோறு என்பது அவர் கட்சி. ஹைதராபாத்துக்குப் போனபோது, "நீள அரிசில பண்ணா அது புலவு புள்ள" என்று நிஜாம் சமஸ்தானத்தையே தள்ளுபடி செய்தவர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள், "வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுப் போங்கப்பா" என்று டிக்கெட் போட்டதும் எனக்கு முதலில் வந்த கவலை இதுதான்.

திருச்சியில் ஏறி சாங்கியில் இறங்கினால் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் போய்விடுகிறது. வயிறு போவதில்லை. அங்கே பகல் 12 மணிக்கு இலை போட்டால் நம் வயிற்றுக்குக் காலை ஒன்பதரை. அங்கே சாப்பாட்டுக் கடைக்காரர்கள் கடையைக் கழுவிவிடும் நேரத்தில்தான் இவருக்குப் பசி கிள்ளும். மகள் காலையில் ஆபீஸ் போய்விடுவாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும், ஆளுக்கொரு பஸ் கார்டும், இவர் வாயில் ஓயாத பெருக்கல் வாய்ப்பாடும்தான். ஒரு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, அப்போது அறுபத்துச் சொச்சம் ரூபாய். மனுஷன் மெனு பலகையைப் படிக்கமாட்டார், பெருக்குவார். சிராங்கூன் சாலையில் மல்லிகைச் சரத்தின் விலையைக் கேட்டுவிட்டு, நிலக்கோட்டை விவசாயிகள் சார்பில் அங்கேயே ஐந்து நிமிஷம் மனம் புழுங்கினார்.

பக்கத்திலேயே தேக்கா சென்டர். கீழ்த்தளத்தில் மீன், கறி, காய்கறிச் சந்தை, ஒட்டினாற்போல் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். மேலே ஏறினால் துணிக்கடைகள். அந்தக் காலத்தில் இங்கே மாட்டுத் தொழுவங்கள் இருந்தன, அதனால்தான் பக்கத்துத் தெரு இன்றைக்கும் பஃபலோ ரோடு என்று மகள் சொல்லியிருந்தாள். "மாடு கட்டுன எடமா? அப்ப கறிய நம்பலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் பிரியாணிக் கடையின் பெருமையைப் பேச ஆரம்பித்தால் அரிசியிலிருந்து நேரே கன்னிவாடி ஆட்டுச் சந்தைக்குத்தான் போவார்கள். அந்தப் பழக்கம்.

தெருவோரம் விற்றுக்கொண்டிருந்தவர்களை 1970-களில் அரசாங்கம் கூரை, குழாய், சாக்கடையோடு இடம் கட்டிக்கொடுத்து உள்ளே கொண்டுவந்ததாம். அப்படி வந்தவைதான் இந்த ஹாக்கர் சென்டர்கள். இந்தச் சாப்பாட்டுப் பழக்கத்தை 2020-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டது. இவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நம்ம ஊருக் கையேந்தி பவனுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீசு ஒட்டுறாய்ங்க."

உட்கார இடம் தேடினோம். காலியாக இருந்த மேஜைகளில் எல்லாம் ஒரு சின்ன டிஷ்யூ பேப்பர் பாக்கெட். அது வைத்தவருக்கு இடம் சொந்தம், அவர் சாப்பாடு வாங்கிக்கொண்டு வரும்வரை யாரும் தொடமாட்டார்கள். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு பஸ்ஸில் சீட் பிடித்த பரம்பரை என்பதால் இவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. தோளில் துண்டு இல்லையே என்பது மட்டும்தான் குறை. கைக்குட்டையை எடுத்து விரித்தார்.

பிரியாணி வந்தது. பாசுமதி. கூடவே தால்ச்சா, வெள்ளரிக்காயும் அன்னாசியும் போட்ட ஊறுகாய். "கறி வெந்துருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது. அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிங்கப்பூர் பிழைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டதும் வழக்கம்போல எச்சில் கையோடு எழுந்து நடந்தார். சுவரில் இருந்த பலகையை நான் வாசித்துக் காட்டினேன். சாப்பிட்டவரேதான் தட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அதுதான் சட்டம். முதல் தடவை எச்சரிக்கை, மறுபடி மாட்டினால் 300 வெள்ளி அபராதம். உதடு அசைந்தது. 18,000 ரூபாய்க்கு மேல் வந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோகும் மனிதர், இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தம்ளரை நடுவில் வைத்து, ஹலால் தட்டுக்கு ஒரு அலமாரி, மற்றதற்கு வேறு அலமாரி என்பதை விசாரித்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டு வந்தார். நான் உட்கார்ந்தே பார்த்தேன். பிறகு மகள் வீட்டில் சமைக்கும் யோசனையே எனக்கு வரவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்துவிட்டு அடுப்படியில் நிற்பதா?

காப்பிக் கடையில் ஒரு சீன அம்மா. இவரைவிட மூத்தவர், ஆனாலும் இவரை "அங்கிள்" என்றுதான் கூப்பிட்டார். சர்க்கரை வியாதிக்காரர் என்பதால் மகள் மந்திரம் மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தாள்: கோப்பி சி கோசோங். இனிப்பில்லாத டின் பால் ஊற்றிய, சீனி போடாத காப்பி. சும்மா "கோப்பி" என்றால் அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கண்டென்ஸ்டு மில்க் வந்துவிடும். நீளமான துணிப்பையில் அந்த அம்மா டிகாக்‌ஷன் வடிப்பதைப் பார்த்ததும் இவருக்கு உறவு ஒட்டிக்கொண்டது. "நம்ம டீக்கடைப் பைதான்!" நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஒருநாள் சி கோசோங்கை விட்டுவிட்டு வெறும் கோப்பி சொன்னதை, கப்பின் அடியில் வெள்ளையாகக் கிடந்த பால் காட்டிக்கொடுத்தது.

இவர் நிஜமாகவே அசந்துபோனது பீச் ரோட்டில், கோல்டன் மைல் உணவு மையத்தில். சூப் துலாங் என்று ஒரு தட்டு வைத்தார்கள். நல்லி எலும்புகள், ரத்தச் சிவப்பில் கெட்டியான குழம்பு, மஜ்ஜையை உறிஞ்ச ஒரு ஸ்ட்ரா, தொட்டுக்கொள்ள ரொட்டி. தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூரிலேயே உருவாக்கிய பதார்த்தம். இவர் ஸ்ட்ராவை ஓரமாக வைத்தார். எலும்பை நிமிர்த்திப் பிடித்துத் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு, பிறகு ஒரே உறிஞ்சு. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து மேஜையில் ஸ்ட்ராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இரண்டு சீனப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். மொழி தேவைப்படாத பாடம். இவர் ஒரு தட்டு, அவர்கள் ஒரு தட்டு. மூன்று பேருக்கும் முழங்கைவரை சிவப்பு.

கடைக்காரரின் பூர்வீகம் கடையநல்லூர். திண்டுக்கல் என்றதும் "பிரியாணி ஊரா அண்ணே!" என்றார். அவ்வளவு போதுமே. கை கழுவாமலே பாடம் ஆரம்பமானது: சீரகச் சம்பா, பட்டை எவ்வளவு, தம் எவ்வளவு நேரம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட கடைக்காரர் சொன்னார்: "செஞ்சுரலாம்ணே. ஆனா அந்த அரிசில பிளேட்டு பன்னெண்டு வெள்ளி சொல்லணும். நீங்க வாங்குவீங்களா?"

உதடு அசைய ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் அசைந்தது.

"பாசுமதியும் ஒண்ணும் மோசமில்ல தம்பி" என்றார். "புள்ள, இன்னொரு பிளேட் எலும்பு சொல்லு."